வெள்ளிக்கிழமை வராத மேகம்

2025 பிப்ரவரி 20, வியாழக்கிழமை. மாசி எட்டு. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்தேன். பாலை அடுப்பில் வைத்து, அது பொங்குவதற்குள் பல் துலக்கி முடித்தேன். செய்தித்தாளை முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கத்தில் முடித்தேன். நடுவில் பிரித்துப் படிப்பவர்களை எனக்கு ஆகாது. குளித்துவிட்டு வந்து பீரோவைத் திறந்தால் வேட்டி அடுக்கில் அன்றைக்கும் ஒன்று குறைந்தது. மெல்லிசான மல் வேட்டி, பச்சைக் கரை.

“அந்தப் பச்சைக்கரை வேட்டிய இன்னும் காணலையே” என்றேன்.

“எங்க போயிரும்? வீட்டுக்குள்ளதான் கெடக்கும்” என்று என் மனைவி அடுக்களையிலிருந்து சொன்னாள்.

மூன்று வாரமாக இதே கேள்வி, இதே பதில். எனக்கு இந்தப் பதில் போதாது. நான் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே என் கடை. ‘வீட்டுக்குள்’ என்று எழுதி எந்தச் சொத்தையும் பதிவு செய்ய முடியாது. வடக்கே யார் மனை, தெற்கே எந்தப் பாதை, கிழக்கே என்ன, மேற்கே என்ன என்று நாலு எல்லையையும் சொல்ல வேண்டும். அதற்குச் சக்குபந்தி என்று பெயர். சக்குபந்தி இல்லாத ஒரு வேட்டியை எங்கே போய்த் தேடுவது?

வேட்டி காணாமல் போனதும் என் தங்கை மகள் வீட்டுக்கு வந்ததும் ஒரே வாரம். இதை நான் கவனித்திருந்தேன். ஆனால் முனைவர் பட்டம் வாங்கிய பெண் தாய்மாமன் வேட்டியை என்ன செய்யப் போகிறாள் என்று விட்டுவிட்டேன்.

என் மருமகளுக்கு வேலை வடக்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில். உலகத்தின் வருங்கால வெயிலையும் மழையையும் கணினியில் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில் மற்றதெல்லாம் ஓரளவு ஒழுங்காக வருகிறதாம், மேகம்தான் வம்பு செய்கிறதாம். அவள் பொறுப்பு மேகம். வந்த அன்றைக்கே சாப்பாட்டு மேசையில் கேட்டேன்.

“மேகத்த எப்படிட்டி கம்ப்யூட்டருக்குள்ள ஏத்துவிய?”

“உலகத்தக் கட்டம் கட்டமா வெட்டியிருக்கோம் மாமா. ஒரு கட்டம் நூறு கிலோமீட்டருக்கு நூறு கிலோமீட்டர்.”

“நம்ம ஊரு எந்தக் கட்டத்துல வருது?”

“செங்கோட்டை, குற்றாலம், மலை, மலைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் கேரளா, இந்தப் பக்கம் நாம, கோவில்பட்டி. எல்லாம் ஒரே கட்டம்.”

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. “குற்றாலத்தையும் சங்கரன்கோவிலையும் ஒரே சர்வே நம்பர்லயா போட்டிருக்கிய?”

“அதான் பிரச்சினையே. அந்தக் கட்டத்துக்கு மேகம் நாப்பது சதவீதம்னு ஒரு எண்ணுதான் இருக்கும். கட்டத்துக்குள்ள எங்கன இருக்குன்னு இருக்காது.”

“பிரிபடாத பாகம்” என்றேன். அடுக்குமாடி வீடு வாங்குபவர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பது இதைத்தான். நிலத்தில் உங்களுக்கு இத்தனை சதுர அடி பங்கு உண்டு, ஆனால் எந்த இடம் என்று விரலை நீட்டிக் காட்ட முடியாது. மேகமும் அப்படித்தான் கிடக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு உலகம் கொஞ்சம் பிடிபட்டது.

“மலைப்பக்கம் நனையுறதையும் நாம காயுறதையும் சேத்துப் பங்கு போட்டா, கம்ப்யூட்டர்ல நம்ம ஊருல மத்தியானமானா தூறிக்கிட்டே இருக்கும்” என்றாள்.

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். “தினமுமா? அப்ப என் மோர்மிளகா என்னத்துக்கு ஆகும்?”

“அதுக்குத்தான் அத்தை மூணு வருஷமா மாரடிக்கேன். மேல ஒரு அடுக்கு மேகம், கீழ ஒரு அடுக்கு. ரெண்டும் நேருக்கு நேரா நிக்குதா, தள்ளி நிக்குதா, எப்பக் கூடுது, எப்பக் கலையுதுன்னு விதிய மாத்தி எழுதியிருக்கேன்.”

“முதல் மாடி, ரெண்டாம் மாடி” என்று ஆரம்பித்தேன்.

“மாமா, எல்லாத்தையும் பத்திரமாக்காதீங்க. உங்க பிளாட்டு இருந்த எடத்துல இருக்கும். மேகம் போயிக்கிட்டே இருக்கும்.”

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அவள் எழுதிய விதி சரியா என்று வானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் எங்கள் மொட்டை மாடிக்கு ஒரு கருவி வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஆளுயரக் கம்பி. அதன் உச்சியில் சிறிய தேங்காய் அளவுக்குக் கண்ணாடிக் குமிழ். அது நாள் முழுக்க வானத்தைப் பார்த்து, நீலம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு, வெள்ளையிலும் கெட்டி எவ்வளவு, மெல்லிசு எவ்வளவு என்று எண்ணை மட்டும் அனுப்பும். படம் சேமிக்காது. இதைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் அவள் பொறுமையாக விளக்கிச் சொன்னாள். அந்த அம்மா கடையநல்லூரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். கணவர் துபாயில். இரண்டு வீட்டு மாடிக்கும் நடுவில் இடுப்பளவு கைப்பிடிச் சுவர்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி மக்கா, நல்லா இருங்க” என்றார். சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

நான் சொல்ல வந்த வியாழக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு அவளுக்குக் கணினியில் கூட்டம். அவள் எழுதிய விதியைப் புதிய கணக்கில் சோதனைக்குச் சேர்ப்பதா வேண்டாமா என்று அன்றைக்கு முடிவு செய்வார்கள். வேண்டாமென்றால் மூன்று வருட உழைப்பு பரணுக்குப் போகும். அவளுடைய வேலையும் மார்ச்சோடு முடிந்துவிடும்.

அவள் தைரியமாகத்தான் இருந்தாள். காரணம், எங்கள் மாடியில் கிடைத்த ஒரு மேகம். தினமும் காலை பத்து மணி வாக்கில் சங்கரன்கோவில் வானத்தை மெல்லிசான வெள்ளை மேகம் மூடுகிறது என்று கருவி சொன்னது. பழைய கணக்கில் அப்படி ஒரு மேகம் கிடையாது. அவள் எழுதிய விதியில் இருந்தது. மேலே சுற்றுகிற செயற்கைக்கோளுக்கு அது தெரியவில்லை. அவ்வளவு மெல்லிசை அது தவறவிடுவது உண்டு என்றாள். ஒரே ஒரு சிக்கல்தான்.

“வெள்ளிக்கிழம மட்டும் வரமாட்டேங்கு மாமா. வெள்ளிக்கிழம நம்ம ஊருல என்ன நிக்குது? மில்லு, தறி, ஏதாவது?”

யோசித்தேன். வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் எதுவும் நிற்காது. கோயிலுக்குக் கூட்டம் கூடத்தான் செய்யும். வண்டி கூடும், புகை கூடும், சூடம் கூடும். மேகத்துக்கு வார விடுமுறை விடும்படி ஒன்றும் தோன்றவில்லை. நான் அந்த நேரம் அலுவலகத்து எதிரே தகரக் கூரைக்கு அடியில் இருப்பவன், வானத்தைப் பார்த்து எத்தனையோ நாள் ஆகிறது. ஆகவே டீக்கடைக்காரரிடம் விசாரித்தேன்.

“ஆமா அண்ணாச்சி, பத்து மணிக்கு ஒரு மாதிரி வெளிறிப் போய்த்தான் இருக்கு” என்றார்.

ஜெராக்ஸ் கடைக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். “வெள்ளிக்கிழம மட்டும் பளிச்சுனு இருக்கும். நானே நெனச்சிருக்கேன்.”

இத்தனை வருடத் தொழிலில் சாட்சிகளை எனக்குத் தெரியும். எந்த இடத்தில் கையெழுத்து என்று விரலால் தொட்டுக் காட்டினால் போதும். ஆனாலும் இரண்டு சாட்சி கிடைத்துவிட்ட திருப்தியில் அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் கூட்டத்தில் காட்டப்போகிற கடைசிப் பக்கத்தில் அந்த மேகத்தை ஏற்றினாள். கீழே, ‘வெள்ளிக்கிழமைக்கான காரணம் ஆய்வில் உள்ளது’ என்று போட்டாள்.

வியாழக்கிழமை காலை கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பாகப்பிரிவினைக்கு அண்ணன் தம்பி வந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் என் பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். பத்திரம் தயார். உள்ளே போனால் சர்வர் வேலை செய்யவில்லை.

“எப்ப வே வரும்?” என்றார் அண்ணன்.

“அது வாரப்ப வரும்” என்றார் தம்பி. அந்த வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுவாக இருக்கலாம். அதைக் கெடுக்க வேண்டாமென்று எழுந்து வீட்டுக்கு வந்தேன். வேலை நாளில் பத்தே காலுக்கு நான் வீட்டு வாசலில் நிற்பது பெரிய அதிசயம்.

அடுக்களையில் மனைவி இல்லை. மருமகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் குழுவோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாள். தினமும் அந்த நேரம் அவளுக்கு அதுதான் வேலை. மாடிப்படியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஏறினேன்.

முதலில் கண்ணில் பட்டது பச்சைக் கரை. என் வேட்டி, கம்பியின் உச்சியில் கண்ணாடிக் குமிழுக்கு முக்காடு போட்டதுபோல், துணி கிளிப் மாட்டி, ஒரு சுருக்கமில்லாமல் நின்றது. தொட்டியின் நிழலில் என் மனைவியும் பக்கத்து வீட்டு அம்மாவும் கொடுக்காப்புளி உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் சாக்கில் மோர்மிளகாய் காய்ந்தது. வானத்தைப் பார்த்தேன். துடைத்து வைத்ததுபோல் நீலமாக இருந்தது.

“சர்வர் இல்லையோ?” என்றாள் மனைவி.

“அது என் வேட்டி.”

“ஆமா. அடுத்த வீட்டு ஆம்பளை வேட்டியவா எடுத்துக் கட்ட முடியும்?”

அந்த அம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். “தப்பா எடுத்துக்கிடாதீங்க அண்ணாச்சி. நான் துணி காயப்போட வந்தா அந்தக் கண்ணாடி என்னையவே பாக்குது. எங்க வீட்டுல வேற, மாடியில கேமரா வச்சிருக்காங்களாம்லானு துபாயிலருந்து கேக்குதாக.”

“படம் சேமிக்காதுன்னு பிள்ள சொல்லுச்சேம்மா.”

“சொல்லுச்சு. போன்லயும் ஒண்ணும் சேமிக்காதுன்னுதான் கம்பெனிக்காரன் சொல்லுதான். செருப்பு வாங்கணும்னு மதினிகிட்ட இங்கன உக்காந்து வாயாலதான் சொன்னேன். சாயங்காலம் போனத் தொறந்தா செருப்பா வருது.”

எனக்கும் அப்படி ஒருமுறை மூட்டுவலித் தைலம் வந்திருக்கிறது.

“வெள்ளிக்கிழம ஏன் மூடல?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே நீதிமன்றத்தில் கேட்பதுபோல் இருந்தது.

“வெள்ளிக்கிழம மாமனாரு ஜும்மா தொழுகைக்குப் போறதுக்குள்ள வீட்டுல பிரியாணி போட்டாகணுமே. நான் எங்க மாடிக்கு வாரேன்?”

வேட்டியைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல நீலம் ஏறியிருந்தது. என் மனைவி சொட்டுநீலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுபவள் அல்ல. வெள்ளைக்குள் நீலம் தெரிகிற மெல்லிசுத் துணி. கருவி அதை மெல்லிசு மேகம் என்று எழுதியதில் கருவியின் தவறு ஒன்றுமில்லை.

“பிள்ளகிட்ட இப்பச் சொல்லிராதிய” என்றாள் மனைவி, மெதுவாக. “இன்னைக்குக் கூட்டம் முடியட்டும். அவ மேகம் இருக்குங்கா, மிஷினும் இருக்குங்கு. நடுவுல நீங்க யாரு?”

உட்கார்ந்தேன். ஒரு கொடுக்காப்புளி எடுத்துத் தின்றேன். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதுதான் சங்கடம். வாயை மூடிக்கொண்டிருந்தால் பிள்ளையின் வேலை நிலைக்கும். ஆனால் இல்லாத மனைக்கு எத்தனையோ பேர் பத்திரம் எழுதச் சொல்லிக் கேட்டு, நான் எழுதிக் கொடுத்ததில்லை. பின்னால் ஒருநாள் யாராவது வந்து அளப்பார்கள். அளக்கிற அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவர்தான் மாட்டுவார். அங்கே கையெழுத்து அவளுடையது.

கிளிப்பைக் கழற்றினேன். வேட்டியை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். பின்னாலேயே இரண்டு பெண்களும் வந்தார்கள்.

மருமகள் கதவைத் திறந்து வெளியே வந்தாள். “என்ன மாமா, இந்நேரம்?”

வேட்டியை நீட்டினேன். “உன் மேகம்.”

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு வேட்டியை வாங்கி, ஒரு மடிப்பை மட்டும் பிரித்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்து அதன் வழியாகப் பார்த்தாள்.

“வெள்ளிக்கிழம?”

“பிரியாணி மக்கா” என்றார் அந்த அம்மா, மாடிப்படியிலிருந்து.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். விக்கல் வரும்வரை சிரித்தாள். சிரிப்பு நின்றபோது கண் நிறைந்திருந்தது. “கடைசிப் பக்கமே அதுதான் மாமா. போச்சு.”

என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்ததும் மருமகள் முகம் மாறியது.

“அத்தை, சாயங்காலம் மாடிக்குப் போவீங்களா?”

“சாயங்காலம் டிவியில நாடகம் இருக்குல்லா? நான் எதுக்குப் போறேன்?”

“அக்கா, நீங்க?”

“நானும் அதுதான் பாப்பேன்.”

“அப்ப சாயங்காலக் கணக்குல வேட்டி கலக்கல” என்று எழுந்தாள். மலைப்பக்கத்து மேகம் மத்தியானமே திரளுகிறது என்பது பழைய கணக்கு. மூணு மணிக்கு மேல்தான் திரளும் என்பது இவள் விதி. கருவியும் மூணு மணிக்கு மேல் என்றுதான் சொல்லியிருந்தது. காலை மேகத்தின் பகட்டில் அவளே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் எந்தெந்தக் காலையில் எவ்வளவு நேரம் வேட்டி இருந்தது என்று தெரியாமல் எதையும் காட்ட முடியாது. மடிக்கணினியை மேசையில் வைத்து இருவரையும் எதிரே உட்கார வைத்தாள். அவள் தேதியைச் சொன்னாள். அவர்கள் சங்கதியைச் சொன்னார்கள்.

“ஆறாம் தேதி?”

“அன்னைக்கு மேலத்தெருப் பொண்ணுக்கு மாப்பிள பாத்தத பேசுனோம்லா மதினி.”

“அது ஏழாம் தேதி” என்றாள் என் மனைவி. “அது வெள்ளிக்கிழம. ஆறாம் தேதி நீங்க மோட்டார் ரிப்பேர்னு கீழ போயிட்டிய.”

“ஆமா. அன்னைக்குக் கொஞ்ச நேரந்தான்.”

“கொஞ்ச நேரந்தான் காட்டுது” என்றாள் மருமகள் திரையைப் பார்த்து. “ஆனா ஏழாம் தேதி வெள்ளிக்கிழம. அன்னைக்கு மேகமே இல்லியே. மாப்பிள பாத்தத எங்க பேசுனீங்க?”

“கைப்பிடிச் சுவத்துக்கிட்ட நின்னு பேசுனோம். பிரியாணிய அடுப்புல வச்சிட்டு வந்தேன். மூட நேரமில்ல, குனிஞ்சுக்கிட்டேன்.”

“சரி. பன்னெண்டாம் தேதி? அன்னைக்கு மட்டும் மேகம் ரெண்டு மடங்கு இருக்கு.”

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

“சொல்லுங்க அத்தை. கணக்குக்கு வேணும்.”

“அன்னைக்கு உங்க மாமாவப் பத்திப் பேசுனோம்” என்றாள் என் மனைவி. “பேசப் பேசப் போயிக்கிட்டே இருந்துச்சு.”

எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை. என் அடுப்பில் பால் ஒருநாளும் பொங்கி வழியாததைப் பற்றியாக இருக்காது.

நாலு மணிக்கு அவள் அறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. நாங்கள் கூடத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தோம். என் மனைவி நாடகத்தைக்கூடப் போடவில்லை. பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. சாயங்கால மேகத்தை முதலில் காட்டினாள். பிறகு காலை மேகத்தைக் காட்டி, அது இல்லை என்றாள். யாரோ ஒரு பெரியவர், அது என்ன வகை மேகம் என்று கேட்டார்.

“பருத்தி” என்றாள் இவள்.

அதன்பின் அவர்கள் சிரித்த சிரிப்பு தெருவரை கேட்டிருக்கும். வேட்டியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அவள் கணினி முன்னால் அதைப் பிரித்துப் பிடித்தாள். என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ, இஸ்திரி போட்டுக் கொடுத்திருப்பேனே.”

முடிவு இதுதான். சாயங்காலத்துக்கான விதியைச் சோதனைக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். காலைக்கான விதி நிற்கட்டும். இன்னும் இரண்டு மாதம் துணி மூடாத வானத்தைப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். அதுவரை அவள் வேலையும் நீளும். அதற்குமேல் வானம் பார்த்துக்கொள்ள வேண்டியது.

இருட்டுவதற்குள் மூங்கில் தட்டி வாங்கி வந்து, பக்கத்து மாடிச் சுவரை ஒட்டித் தலை உயரத்துக்குக் கட்டினோம். தெற்கெல்லை தட்டி என்று நான் அறிவித்தேன். பக்கத்து வீட்டு அம்மா அதை நம்பவில்லை. எங்கள் மாடிக்கு வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, கண்ணைக் குமிழின் மட்டத்துக்குக் கொண்டுபோய், தன் துணிக்கொடி தெரிகிறதா என்று நாலு பக்கமும் பார்த்தார்.

“இங்கனருந்து எங்க வீடு தெரியல. ஆனா உங்க வீட்டுத் தொட்டி மேல பாசி பிடிச்சிருக்கு மதினி” என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தட்டி கட்டிய அலுப்பில் ஆறேகாலுக்குத்தான் எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தால், கிழக்கே விடிகிற வானத்தில் மெல்லிசாக, வெள்ளையாக, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மேகம். பிள்ளையைக் கூப்பிட வாய் திறந்தவன் நிறுத்திக்கொண்டேன். பாலைக்கூட அடுப்பில் வைக்கவில்லை. முதல் வேலையாகப் பீரோவைத் திறந்து வேட்டிகளை எண்ணினேன். பச்சைக்கரை உட்பட எல்லாம் இருந்தன. அதன்பிறகு போய் அவள் அறைக் கதவைத் தட்டினேன்.